கோரஸ்: எலக்ட்ரானிக்

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்கோ பிள்ள. எனக்கு காத்து வேண்டாம், தொண்டைக்கு ஆகாது. இன்னைக்கு எனக்கு தொண்டைதான் முக்கியம். ஆனா ஒண்ணு, காதுல மாட்டியிருக்கியே அத கழட்டி பையில போட்டுரு. மதுரை போய்ச் சேருத வரைக்கும் நான் பேசுவேன், நீ ‘ம்’ கொட்டணும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். பதில் சொல்ல வேண்டாம், சிரிக்க வேண்டாம், ம் மட்டும். எதிர்ல ம் வரலன்னா எனக்குப் பேச்சு நின்னுரும். பேச்சு நின்னா நெஞ்சு அடைக்கும். பொறவு நீதான் கண்டக்டர கூப்பிட்டு பஸ்ஸ நிப்பாட்டணும்.

ஆங், அப்படித்தான். பல்லு வலிக்காரி முனகுத மாதிரி இருக்கு. பரவாயில்ல, போகப் போக வரும்.

நான் யாருன்னு சொல்லலியே. எம் பேரு ஹெப்சிபா, ஹெப்சின்னு கூப்பிடுவாங்க. பாளையங்கோட்டை. ‘கரையாதே’ன்னு ஒரு பழைய கேசட்டு, கிளாட்சன்னு ஒருத்தர் பாடுனது, கேள்விப்பட்டிருக்கியா? இல்லியா. சரி, இத கேட்டிருப்ப. வெளிநாட்டுக்காரன் எவனோ போட்ட ஆட்டப் பாட்டு, டும் டும்னு அடிச்சிட்டு நடுவுல ஒரு பொம்பள ‘ம்’னு சொல்லுவா. டும் டும், ம். டும் டும், ம். கல்யாண வீட்டுலல்லாம் போடுதானே. ஆங், அதேதான். உன் போன்லயே இருக்கா? பாத்தியா. அந்த ‘ம்’ நான்தான்.

நம்பல. நீ மட்டுமா நம்பல, ஒருத்தரும் நம்பல. அத நிரூபிக்கத்தான் மதுரைக்குப் போயிட்டிருக்கேன். அங்கன ஒரு ஸ்டுடியோவுல எனக்கும் ஒரு மெஷினுக்கும் இன்னைக்குப் போட்டி. யாரு சொன்ன ‘ம்’னு தீர்ப்பு சொல்லப் போறாங்க. நான் ஜெயிச்சா கவர்ல எம் பேரு. தோத்தா மெஷின் பேரு. சிரிக்க வேண்டாம்னு சொன்னேன்ல.

முதல்லேருந்து சொல்லுதேன்.

கிளாட்சன் பாட்டுக்காரரு. நான் அவருக்கு கோரஸ். முன்னால ஒருத்தர் பாடும்போது பின்னால நின்னு ‘ஆ’ன்னும் ‘ஓ’ன்னும் சொல்லுதவ. லேசா நினைச்சிராத. கூடிப் போச்சுன்னா முன்னால பாடுதவரு காணாமப் போயிருவாரு, குறைஞ்சுதுன்னா அவரு அனாதையாயிருவாரு. நானும் இன்னொரு பிள்ளையும் ஒரே கலர் சேலை கட்டிக்கிட்டு நிப்போம். அவ கல்யாணமாகி பம்பாய்க்குப் போயிட்டா, அவளுக்கு இந்தக் கதையில வேல இல்ல.

கிளாட்சன் சின்னப் பிள்ளையிலேருந்து கன்வென்ஷன் பந்தல்ல, எங்க சபை ஜெபக் கூட்டத்துல, பாடுனவரு. அந்தப் பந்தல் பாட்டு ஒரு தினுசு. மேல போயி, அங்கயே நின்னு, உடைஞ்சு, அழுது, பொறவு கீழ இறங்கணும். கேக்குதவங்களும் சும்மா இருக்க முடியாது. ஒரு வரி முடிஞ்சா ‘ஆமென்’, இன்னொரு வரி முடிஞ்சா ‘ஸ்தோத்திரம்’னு திருப்பிக் குடுத்துக்கிட்டே இருக்கணும். இந்த மனுஷன் என்ன செஞ்சாருன்னா, அந்த அழுகைய அப்படியே அள்ளிட்டு வந்து காதல் பாட்டுல வச்சிட்டாரு. மெட்ராஸ் பத்திரிகைக்காரன் ஒருத்தன் வந்து கேட்டுட்டு, இதுக்கு அமெரிக்காவுல ‘சோல்’னு பேரு, அங்க கறுப்பு சனங்க கோயில்ல பாடிப் பழகி இப்படித்தான் வெளிய வந்து பாடுனாங்கன்னு எழுதுனான். எங்க ஊருப் பெரியவங்க அவ்வளவு தூரம் போகல. கர்த்தருக்குக் குடுத்த தொண்டைய காதலிக்கு வாடகைக்கு விட்டுட்டான்னு முடிச்சிட்டாங்க.

ம் எங்க? ஆங்.

பின்னால நிக்குதவளுக்கு என்ன தெரியும் சொல்லு. பிடரி தெரியும். கிளாட்சன் பிடரிய எனக்குத் தெரிஞ்ச மாதிரி அவரப் பெத்தவளுக்குக்கூட தெரியாது. மேல போகப் போறாருன்னா முதல்ல பிடரி சிவக்கும், நான் மூச்ச எடுத்து வச்சிக்கிடுவேன். நீ தப்பா ஒண்ணும் நினைச்சிராத. எனக்கு அந்த மனுஷன் மேல ஒரு இதுவும் கெடையாது. ஃப்ளாஸ்க்குல வெந்நி கொண்டு போவேன், பனங்கற்கண்டும் மிளகும் தட்டிப் போட்டு. அது தொழிலுக்கு. முன்னால நிக்குதவருக்கு தொண்டை கட்டுனா பின்னால நிக்குதவளுக்குத்தான கேவலம்? அந்த வெந்நிய கொண்டு போக எங்க அக்கா கல்யாணத்துல பந்தி நடுவுல எந்திரிச்சுப் போனதும் தொழிலுக்குத்தான்.

பொறவு ஆளு விழுந்தாரு. ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துல, கோயில்ல எல்லாரும் அழுது பாடுத ஒரு ஞானப்பாட்டு ராகத்துல, காதல் வரியப் போட்டுப் பாடிட்டாரு. முன்வரிசையில இருந்த பெரியவரு ஒருத்தர் மேல்துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு. அவரு பின்னால ஒரு வரிசையே எந்திரிச்சுது. அதோட கோயில் திருவிழா போச்சு, கல்யாண வீடு போச்சு. வருஷம் திரும்புததுக்குள்ள ஆளுக்கு நிக்க மேடை இல்ல. தூத்துக்குடிக்குப் போயி மீனுக்கு ஐஸ் அடிக்குத பேக்டரியில கணக்கு எழுதவும் ஐஸ் அள்ளவும்னு இருந்துட்டாரு. எட்டு வருஷம். ஒரு காயிதம்கூட போடல.

போடணும்னு நான் எதிர்பாக்கல. நான் பாட்டுக்கு ஸ்கூல்ல பாட்டு டீச்சரா இருந்தேன். வீட்டுல மாப்பிள்ள பாத்தாங்க. ஒருத்தனுக்கு மூக்கு சரியில்ல, ஒருத்தனுக்கு பேச்சு சரியில்ல, ஒருத்தன் காப்பிய உறிஞ்சி உறிஞ்சி குடிச்சான். நானே வேண்டாம்னுட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, சும்மா சொல்லுதேன். கடைசியில, வயசு முப்பத தாண்டுன பொறவு, தியோடர்னு ஒருத்தர் வந்தாரு. போஸ்ட் ஆபீஸ்ல வேல. மூக்கு, பேச்சு, காப்பி எல்லாம் சரியா இருந்துச்சு. குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கல, சரின்னுட்டேன். நிச்சயம் முடிஞ்ச மறுவாரம் வாசல்ல வந்து நிக்காரு கிளாட்சன்.

எண்பதுகள்ல நடக்குது இது. தலை பாதி நரைச்சிருக்கு. கையில ஐஸ் அடிச்ச வெடிப்பு. மஞ்சள்ல சின்னக் கோடு போட்ட சட்டை, காலர் மட்டும் புதுசா தச்சிருந்தாரு. ‘ஹெப்சி, கேசட்டு போடப் போறேன்’ங்காரு. எட்டு வருஷத்துக்குப் பொறவு முதல் பேச்சு இது. நல்லாருக்கியான்னு கிடையாது, ஒண்ணு கிடையாது. நானும் விடல. ‘கோரஸ் யாரு’ன்னேன். ‘வந்து பாரேன்’னாரு.

போனேன். ஏன் போனேன்னா, கோரஸ் யாருன்னு தெரியணும்ல.

பாளையங்கோட்டையிலேயே ஒரு அச்சாபீஸ் பின்னால இருந்த ரூம். சுவரெல்லாம் மெத்தையக் கட்டித் தொங்க விட்டிருந்தாங்க, சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு. நடுவுல ஒரு மெஷினு. கப்பல்ல வேல பாத்த யாரோ சிங்கப்பூர்லேருந்து கொண்டு வந்தது. பியானோ மாதிரி கட்டை, அதுக்கு மேல பொத்தான் பொத்தானா. வாசிக்க மெட்ராஸ்லேருந்து ஒருத்தர், சதானந்துன்னு பேரு. மெஷின் மேல யாராவது கைய வச்சா கர்ச்சீப்ப எடுத்துத் தொடைப்பாரு. நான் வைக்கல, பக்கத்துல நின்னதுக்கே தொடைச்சாரு.

ஒரு பொத்தான அமுக்குனா வயலினு. இன்னொண்ணு புல்லாங்குழல். இன்னொண்ணு மழை. சரி, நல்லாத்தான் இருக்குன்னு கேட்டுட்டிருக்கேன். அந்தால ஒரு பொத்தான அமுக்குதாரு, ‘ஆஆ’ன்னு பொம்பளைங்க குரலு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கூட்டம். ‘இதுல முப்பது லேடீஸ் இருக்காங்கம்மா. சுருதி விலகாது, லேட்டா வராது, ஜலதோஷம் பிடிக்காது’ங்காரு, பெருமையா.

‘சாப்பாடு?’ன்னேன்.

‘வேண்டாம்.’

‘கோவம் வருமா?’

‘வராதும்மா.’

‘அப்ப முப்பதும் பொம்பள இல்ல’ன்னேன்.

அவரு சிரிக்கல. கிளாட்சன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு, தோளு குலுங்குச்சு.  என்னை வரச் சொன்னதே இத காட்டத்தானா? பைய எடுத்துட்டுக் கிளம்புதேன். ‘போகாத ஹெப்சி. பாட வேண்டாம், சும்மா உக்காரு’ங்காரு. சும்மா உக்கார நான் என்ன மாலையிட்ட பொம்மையா? ஆனா கால் வலிச்சுது, உக்காந்தேன். வாயத் திறக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டு உக்காந்தேன்.

உக்காந்த பொறவுதான் ஞாபகம் வந்து கேக்காரு, ‘நல்லாருக்கியா?’ன்னு. ‘கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு’ன்னேன். கேட்டதுக்கு பதில் அதான. கொஞ்ச நேரம் அந்த மைக்க திருகிக்கிட்டே நின்னாரு. ‘ஆளு எப்படி?’ன்னாரு. ‘காப்பிய உறிஞ்சாம குடிப்பாரு’ன்னேன். ‘அப்ப நல்லவருதான்’னாரு.

அதுக்குப் பொறவு பாட்டு வரவே இல்ல. காலையிலேருந்து பாடுதாரு, நிக்குதாரு, பாடுதாரு, நிக்குதாரு. எட்டு வருஷம் பாடாம இருந்துட்டு, இன்னைக்கு வரலன்னா இனி ஒருநாளும் இல்லைங்குத மாதிரி முகம். சதானந்து கடிகாரத்தப் பாக்காரு. காரணம் எனக்குத் தெரியும், மெஷின் அவருக்கு ஒத்துக்கிடல. வேற என்ன காரணம் இருக்கப் போகுது? பந்தல்ல பாடிப் பழகுனவருக்கு ஒரு வரி முடிஞ்சா எதிர்லேருந்து யாராவது திருப்பிக் குடுக்கணும். மெஷின் குடுக்காது. அது பாட்டுக்கு டிக்கு டிக்குன்னு போயிட்டே இருக்கும்.

பொறவு என்ன நினைச்சாரோ, மைக்கப் பிடிச்சு அப்படியே திருப்பி வச்சிட்டு, என்னப் பாத்து நின்னாரு. அத்தன வருஷம் பின்னால நின்னவ நான். பாடும்போது அவரு முகத்த அன்னைக்குத்தான் பாக்கேன்.

‘ஐஸ் தொட்ட கையி மரத்துப் போச்சு’ன்னு பாடுதாரு.

எனக்கு வாயில வந்துட்டு. ‘ம்.’

‘பாட்டு விட்ட ஊரு மறந்து போச்சு.’

‘ம்.’

‘ஒன் வாசல் வெளக்கு மட்டும் அணையலையே.’

‘ம்.’

‘நான் வந்து தட்டுனா தெறப்பியா?’

‘ம்.’

நக்கலுக்குப் பிள்ள, நக்கலுக்கு. ம், இதுக்குத்தானா எட்டு வருஷம்? ம், பாடு பாடு, உன் முப்பது லேடீஸும் கேக்கட்டும். அந்த மாதிரி ம். எங்க வீட்டுல சின்ன வயசுலேருந்து பழக்கம் வேற, ஒருத்தர் ஒண்ணச் சொன்னா உம் கொட்டிருவோம், கட்டுப்படுத்த முடியாது. சதானந்து நிப்பாட்டிட்டாரு. ‘சார், அந்தம்மா சத்தம் உள்ள விழுந்துட்டு, இன்னொரு தடவ போயிருவோம்’ங்காரு. கிளாட்சன் கண்ணத் தொடைச்சுக்கிட்டு, வேர்வைதான், மெத்தை கட்டுன ரூம்ல, ‘வேண்டாம், அது இருக்கட்டும்’னாரு. ஆளு ஆரம்பத்துலேருந்தே சோம்பேறி. ஒண்ண ரெண்டு தடவ செய்யச் சொன்னா பிடிக்காது.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாரு. ‘நீ வரலன்னா இந்தப் பாட்டு எழுந்து நின்னிருக்காது ஹெப்சி’ன்னாரு. ‘எனக்கு பஸ் நிக்குமா, அத சொல்லுங்க’ன்னுட்டு வந்துட்டேன்.

என்ன பிள்ள, ம் ஒரு மாதிரி வருது? மூக்கச் சிந்து. கோவில்பட்டி வந்துட்டு பாரு, ஜன்னல்ல கைய நீட்டி ரெண்டு பாக்கெட்டு கடலமிட்டாய் வாங்கு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு தியோடருக்கு. எனக்கு வேண்டாம், தொண்டைக்கு ஆகாது.

எங்க விட்டேன்? கேசட்டு. என் கல்யாணத்துக்கு முந்துன வாரம் கேசட்டு வந்துச்சு. கடையிலேயே நின்னு அட்டையத் திருப்பிப் பாக்கேன். பாட்டு, கிளாட்சன். கீபோர்டு, சதானந்து. கேசட்டுக் கடைக்காரன் பேருகூட இருக்கு. கீழ போட்டிருக்கு, ‘கோரஸ்: எலக்ட்ரானிக்’.  ஆ-வ எடுத்துக்கிட்டீங்க, சரி. நான் என் தொண்டையிலேருந்து குடுத்த நாலு ‘ம்’ இருக்கே, அதுக்குமா எலக்ட்ரானிக்? அன்னையோட அந்த மனுஷன் மூஞ்சியில முழிக்கல. கல்யாணத்துக்கு வந்தாரு, கடைசி வரிசையில நின்னாராம். நான் பாக்கல. சாம்பல் கலர் சட்டை.

கேசட்டு ஆஹா ஓஹோன்னெல்லாம் போகல. ஆனா சாகவும் இல்ல. லாரி டிரைவருங்க வச்சிருந்தாங்க. துறைமுகத்து டீக்கடையில விடாம ஓடும்பாங்க. வெளியூருக்குப் போன பிள்ளைங்க பெட்டியில வச்சுக் கொண்டு போச்சு. கிளாட்சன் பழையபடி மேடை ஏறுனாரு, பத்துப் பன்னண்டு வருஷம் நல்லாப் பாடுனாரு, எல்லா ஊர்லயும் அந்த ஐஸ் பாட்ட கேட்டாங்களாம். அந்த ‘ம்’ வருத எடத்துல மட்டும் பாட்ட நிப்பாட்டி, சும்மா நிப்பாராம். சனம் எல்லாம் சேந்து ‘ம்’னு சொல்லுமாம். கேள்விப்பட்டதுதான், நான் போகல. எனக்கென்ன வேல அங்கன.

செத்துப் போயிட்டாரு. நாலு வருஷம் ஆச்சு. அடக்கத்துக்குப் போனேன், கூட்டம் எவ்வளவுன்னு பாக்க.

சரி, இந்தக் கூத்தக் கேளு. போன வைகாசியில தியோடரோட தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். ரிசப்ஷன்ல பிரியாணித் தட்டோட நிக்கேன். ஒருத்தன் ஸ்பீக்கர்ல டும் டும்னு போடுதான். டும் டும், ம். டும் டும், ம். என் தொண்டை. முட்டையக் கடிச்ச வாயோட நிக்கேன். மாப்பிள்ள பொண்ணு, கேட்டரிங்காரன், எல்லாரும் என் ‘ம்’முக்கு இடுப்ப ஆட்டுதாங்க. தியோடர் பக்கத்துல வந்து காதுல சொல்லுதாரு, ‘இது உன்ன மாதிரி இருக்கே’ன்னு. நான் பதில் சொல்லல, வாயில முட்டை.

அதுக்குப் பொறவு தெரியுது, வெளிநாட்டுல எவனோ பழைய கேசட்டுலேருந்து அந்த ‘ம்’ம மட்டும் வெட்டி எடுத்துப் போட்டு, உலகமெல்லாம் ஆடுதாம். அந்தக் கேசட்டு இப்ப பெரிய பொக்கிஷமாம். கறுப்பு ரெக்கார்டா திரும்பப் போடப் போறாங்களாம், கவர்ல எல்லா பேரும் போட்டு. நிவேதன்னு ஒரு பையன் மதுரையிலேருந்து அதுக்கு வேல பாக்கான். மரியாதையான பையன். நான்தான் தேடிப் பிடிச்சு போன் போட்டேன், அந்த ‘ம்’ நான்னு. அவன் தயங்குதான். ‘அம்மா, சதானந்த் சார் அது மெஷின் சவுண்டுன்னு பேட்டி குடுத்திருக்காரே’ங்கான்.

என்ன பேட்டி தெரியுமா? அந்த ‘ம்’ம அவரு வாரக்கணக்கா முழிச்சிருந்து, பொத்தானத் திருகித் திருகி செஞ்சாராம். மனுஷத் தொண்டையில அவ்வளவு கனிவு வராதாம். கேட்டியா? நான் நக்கலுக்குச் சொன்னது, அவருக்குக் கனிவாம். அவரு மட்டும் இல்ல, எல்லாவனும் அப்படித்தான் எழுதுதான். ஒரு வெள்ளைக்காரி எழுதியிருக்கா, அந்த ஒரு எழுத்துக்காக ஒருத்தன் எட்டு வருஷம் காத்திருக்கலாம்னு. பைத்தியக்கார உலகம்.

நிவேதன் கடைசியில சொன்னான், ‘சார் அதே மெஷினக் கொண்டு வாராரு, நீங்களும் வாங்க. ரெண்டையும் மைக்குல பிடிச்சு, பழைய பாட்டோட வச்சுப் பாத்துருவோம்’னு. சரி வாரேன்னுட்டேன்.

இப்பதான் பிள்ள சங்கதி. ‘ம்’ வர மாட்டேங்கு.

ஒரு வாரமா அடுக்களையில நின்னு சொல்லிப் பாக்கேன். மனசுல கிளாட்சன நிப்பாட்டி வச்சு, நல்ல நக்கலா, ம். தியோடர் எட்டிப் பாத்து, ‘வயிறு சரியில்லியா?’ங்காரு. குளிக்கும்போது, ம். பால்காரன் வெளிய நின்னு ‘அக்கா, மாடு வாங்கிட்டீங்களா’ங்கான். கூடுதலா நக்கல் போட்டுப் பாத்தேன், குறைச்சுப் போட்டுப் பாத்தேன். அந்தப் பழைய பாட்டப் போட்டுக் கேட்டுப் பழகலாம்லன்னாரு தியோடர். அத நான் வீட்டுல போட்டதே இல்ல. கேசட்டு இருக்கு, பீரோவுல சேலைக்கு அடியில. முழுசா ஒரு தடவகூட கேட்டதில்ல. நேரம் எங்க இருக்கு?

நேத்து தியோடர் ஒண்ணு சொன்னாரு. சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு, ‘ஹெப்சி, நான் இத்தன வருஷமா உங்கிட்ட பேசுதேன், எனக்கு நீ ஒரு தடவ உம் கொட்டுனது கெடையாது’ன்னு. ‘நீங்க என்னைக்கு நிறுத்தி நிறுத்திப் பேசுனீங்க, உம் கொட்ட எடம் வேண்டாமா’ன்னேன். சிரிச்சாரு. பொறவு அப்பளத்த நொறுக்கிக்கிட்டே சொல்லுதாரு, ‘அந்த மனுஷன் விவரமானவரு. அன்னைக்கு அட்டையில உம் பேரப் போட்டிருந்தா, அந்தப் பாட்டையும் அந்த ‘ம்’மையும் கேட்டுட்டு எங்க வீட்டுல இந்தக் கல்யாணத்த நிப்பாட்டியிருப்பாங்க’ன்னு.

இவருக்கு எல்லாத்துலயும் ஒரு குதர்க்கம். பேரு போடாதது விவரமாம். காலையில இட்லியக் கட்டிக் குடுத்து பஸ்ஸும் ஏத்தி விட்டாரு. ‘போயி பேர வாங்கிட்டு வா. இனிமே எங்க வீட்டுல யாரும் கல்யாணத்த நிப்பாட்டப் போறதில்ல’ங்காரு. என்ன சொல்லுதது இவர.

ஏம் பிள்ள, அந்த போனு சாத்தூர்லேருந்து துடிச்சுக்கிட்டே இருக்கு. நீ வெட்டி வெட்டி விடுத. யாரு? சொல்ல வேண்டாம்னா வேண்டாம். நான் வம்புக்காரி இல்ல. கூட வேல பாத்தவனா? ஆமாங்குத.

ம்.

மதுரையில மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கானா? பதில் கேட்டு.

ம்.

நீ இன்னும் சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. ஏன், பிடிக்கலியா? பிடிக்காம இல்ல. பொறவு? பயமா. எதுக்குப் பயம்னே தெரியலியா.

ம்.

இரு. இரு பிள்ள. நான் இப்ப என்ன சத்தம் போட்டேன்? கேட்டியா அத? அதுதான். அதேதான். ஒரு வாரமா அடுக்களையில தேடுனேன், திருமங்கலத்து ரோட்டுல பஸ்ஸுல வந்து விழுது.

ஆனா நான் உன்ன நக்கல் பண்ணலியே.

நக்கலாத்தான ஒரு வாரமா சொல்லிப் பாத்தேன். ஒண்ணுகூட வரல. நக்கலாச் சொன்னா இது வராது போலிருக்கு. அப்ப அன்னைக்கு நான்... அந்த ரூம்ல, அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு... தெறப்பியான்னு கேட்டதுக்கு...

கடலமிட்டாய ஒண்ணு குடு. தொண்டை கெடக்கட்டும்.

பாட்டுலதான கேட்டாருன்னு இருந்துட்டேன் பிள்ள. அவருக்கு வேற எங்க வச்சுக் கேக்கத் தெரியும்? நான் பதில் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். உலகத்துக்கே கேட்டிருக்கு, ஆடிக்கிட்டிருக்கு, எனக்கு மட்டும் கேக்கல. அந்த தியோடர் மனுஷன் இது தெரிஞ்சேதான் இட்லி கட்டிக் குடுத்தாரா? வீட்டுக்குப் போயி அவரு பேசுததக் கேக்கணும். நிறுத்தாமப் பேசுனாலும் கேக்கணும்.

சரி, எனக்கு இப்ப வழி தெரிஞ்சு போச்சு. அந்த நிவேதன்கிட்ட சொல்லப் போறேன். மைக்கு முன்னால நின்னு ம் சொல்லுன்னா வராது தம்பி, பாட்டப் போடு, அவரு பாடட்டும், நான் ஒரு நாற்காலியில சும்மா உக்காந்து கேக்குதேன், நீ மைக்க எங்க வேணும்னாலும் வச்சுக்கோ. அந்த சதானந்து அவரு மெஷினக் கர்ச்சீப்பால தொடைச்சுக்கிட்டு நிக்கட்டும். பேரு போட்டா போடட்டும். நாலாவது ‘ம்’ வரும்போது நானும் அங்கன இருக்கணும், அவ்வளவுதான். போன தடவ பஸ்ஸுக்கு ஓடிட்டேன்.

திரும்பவும் துடிக்குது பாரு. எடு. வெட்டாத, எடு. நீ ஒண்ணும் பேச வேண்டாம் பிள்ள. அவன் பேசட்டும், நீ கேளு. உனக்கு வந்தா வரும், வரலன்னா விட்டுரு, அது இழுத்து வரவழைக்கிறது இல்ல. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்.

ஆங். இப்ப அந்த ‘ம்’முல பல்லு வலி இல்ல.